அத்தியாயம் 6: காய்ச்சல் விட்ட பிறகும் விடாத அசதி

கிருமிக் காய்ச்சலுக்குப் பின் உடலை மீண்டும் உழைப்புக்குப் பழக்கும் முறை

தம்பின், ரெப்பா, கெமெஞ்சே, ஆயர் கூனிங், கிம்மாஸ் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டுபவர்கள், செம்பனைக் குலை அறுப்பவர்கள், உதிரிப்பழம் பொறுக்குபவர்கள், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. டிங்கியோ சிக்குன்குனியாவோ கோவிட்டோ வந்து போய்விட்டது. ரத்தத்தில் பிளேட்லெட் ஏறிவிட்டது. டாக்டரும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் வாரங்கள் கடந்தும் பெரட்டுக்குக் கிளம்பக் கால் ஊன்ற முடியவில்லை. குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டியிருக்கிறது. சொன்னது மறந்துபோகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி எப்போது உதவும், எப்போது கெடுக்கும், எங்கே தொடங்கி எப்படி ஏற வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. உடற்பயிற்சி ஒரு மருந்து. மருந்து என்பதால் அதற்கு அளவு உண்டு. சிலருக்கு அது ஒவ்வாது. அந்த அளவை உங்கள் வைராக்கியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலையில் உடல் சொல்லும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

இது சோம்பல் இல்லை

"எழுந்து நாலு எட்டு நடந்தா சரியாப் போயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் காய்ச்சலுக்குப் பின் தங்கும் அசதி உண்மையான உடல் நோய் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற நாட்டுப்புற நகரில் 253 நோயாளிகளைத் தொற்று வந்த நாளிலிருந்தே ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வந்தது ராஸ் ரிவர் வைரஸ். அது கொசுவால் பரவுவது; நம் தோட்டங்கள் அறிந்த சிக்குன்குனியாவுக்கு நெருங்கிய உறவு. 2006-இல் முடிவுகள் வெளியாயின. ஆறு வாரம் கழித்தும் 100-க்கு 35 பேரிடம் அசதி இருந்தது. மூன்று மாதத்தில் அது 27 ஆகவும், ஆறு மாதத்தில் 12 ஆகவும், ஓர் ஆண்டில் 9 ஆகவும் குறைந்தது. யாருக்கு அசதி நீடிக்கும் என்பதைத் தொற்று எவ்வளவு கடுமையாகத் தாக்கியது என்பதே பெரும்பாலும் காட்டியது. அவரவர் மனப்போக்கோ வயதோ அதைத் தீர்மானிக்கவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தேறாதவர் மீது குற்றம் இல்லை.

மலேசியாவில் இது சிறிய விஷயமும் இல்லை. 2023-இல் மட்டும் நாட்டில் ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. சிக்குன்குனியா 2008-இல் ஜொகூரில் பெரிதாகக் கிளம்பி நாடெங்கும் பரவியது. கித்தாத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவே அப்போது அதை அதிகம் பரப்பியது. கோவிட் வந்தவர்களுக்குத் தொற்று தொடங்கி மூன்று மாதம் கழித்தும் குறைகள் இருந்து, அவை குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால், அதை கோவிட்டுக்குப் பிந்தைய நோய்நிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது.

பழைய அறிவுரை ஏன் மாறியது

"ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டு, அசதியைப் பொருட்படுத்தாதே" என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட முறை. 2011-இல் பிரிட்டனில் நாள்பட்ட களைப்பு நோயாளிகள் 641 பேரைக் கொண்டு நடந்த பேஸ் என்ற ஆய்வு அதற்கு ஆதரவாக வெளிவந்தது. முடிவுகளைக் கணக்கிட்ட முறை சரியில்லை என்று நோயாளிகளும் அறிவியலாளர்களும் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2007-இல் அந்தப் பயிற்சி முறையைப் பரிந்துரைத்திருந்த நைஸ் என்ற பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு, அந்த நோய்க்கு அது வேண்டாம் என்று 2021 அக்டோபரில் மாற்றிக்கொண்டது.

அதற்குப் பின் தசையையே எடுத்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், உழைத்தால் மறுநாள் சரிந்துவிடும் கோவிட் நோயாளிகள் 25 பேருக்கும், தேறிவிட்ட 21 பேருக்கும் கடுமையான சைக்கிள் பயிற்சி கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் தொடைத் தசைத் துணுக்கைச் சோதித்தார்கள். 2024 ஜனவரியில் வெளியான முடிவின்படி, நோயாளிகளின் தசையில் பயிற்சிக்குப் பின் சிதைவு கூடியிருந்தது. தசைக்குச் சக்தி தயாரிக்கும் உயிரணு உறுப்புகளின் வேலையும் குறைந்திருந்தது.

அப்படியென்றால் எல்லோரும் படுத்தே இருக்க வேண்டுமா? வேண்டாம். அடுத்த மாதமே, 2024 பிப்ரவரியில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோவிட்டுக்காக மருத்துவமனையில் கிடந்து வந்த 585 பேரிடம் நடந்த ரீகெய்ன் ஆய்வு வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் எட்டு வாரம் உடற்பயிற்சியும் மன ஆதரவும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது. படுக்கையில் கிடந்து தசை இளைத்தவருக்குப் பயிற்சி கைகொடுக்கிறது. உழைத்த மறுநாள் சரிகிறவருக்கு அதே பயிற்சி காயமாகிறது. நீங்கள் இவர்களில் யார் என்று கண்டுகொள்வதுதான் முதல் வேலை.

தொடங்கும் முன் மூன்று சோதனைகள்

1. டாக்டரைப் பாருங்கள். எல்லா அசதிக்கும் பழைய காய்ச்சலே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. அரசாங்க கிளினிக்கில் ரத்தச் சோகை, நீரிழிவு, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம்; பலருக்கு அது இருப்பதே தெரியாது. செம்பனைக் காட்டில் எலிச் சிறுநீர் பட்ட நீரில் இறங்கி வேலை செய்பவர் எலிக் காய்ச்சலுக்கும் சோதிக்க வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிச் சோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். நெஞ்சுவலி, மயங்கி விழுதல், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தல், கால் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடாதீர்கள். கிருமி இதயத் தசையையும் தாக்கக்கூடும். அப்படித் தாக்கியிருந்தால் கடும் உழைப்பை மூன்று முதல் ஆறு மாதம் நிறுத்தச் சொல்வார்கள்.

2. மறுநாள் சரிவு உண்டா என்று பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் குறித்துவாருங்கள்: அன்று செய்த வேலை, மறுநாள் காலை நிலை, அதற்கடுத்த நாள் நிலை. கூட்டுவது, துணி அலசுவது, கடைக்குப் போய்வருவது, விருந்தாளிகளோடு நெடுநேரம் பேசுவது போன்ற சின்ன வேலைக்குப் பிறகு, பெரும்பாலும் 12 முதல் 72 மணி நேரத்துக்குள், உடம்பு வலி, தலை மந்தம், தொண்டைக் கரகரப்பு, தூங்கியும் தீராத களைப்பு என்று மொத்தமாகக் கூடி நாள்கணக்கில் நிற்கிறதா? அதுதான் மறுநாள் சரிவு. வேலை செய்யும்போது நன்றாக இருந்திருக்கலாம். அடி பிறகுதான் விழும். பழக்கமில்லாத வேலையால் தொடையும் தோளும் மட்டும் வலித்து இரண்டு நாளில் மறைவது சரிவு ஆகாது.

3. நின்று பாருங்கள். பத்து நிமிடம் மல்லாந்து படுத்தபின் நாடித்துடிப்பை எண்ணுங்கள். பிறகு எழுந்து, பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அசையாமல் நின்று பத்து நிமிடத்துக்கு அவ்வப்போது எண்ணுங்கள். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால், நிற்பதே உங்கள் உடலுக்குப் பளு என்று பொருள். குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். இப்படிப்பட்டவர் படுத்தும் உட்கார்ந்தும் செய்யும் பயிற்சியில்தான் தொடங்க வேண்டும். தண்ணீரையும் உப்பையும் கூட்டச் சொல்வது வழக்கம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

பாதை ஒன்று: மறுநாள் சரிவு உள்ளவர்களுக்கு

உங்களுக்கு இப்போதைய சிகிச்சை, சக்தியைக் கட்டுக்குள் வைத்துச் செலவழிப்பது. தினமும் வெட்டினால் கித்தா மரத்தில் பால் வற்றி வெட்டுப்பட்டை காய்ந்துபோகும் என்பதால்தான் தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை வந்தது. மரத்துக்குக் கொடுக்கும் அந்த இடைவெளியை உங்கள் உடலுக்கும் கொடுங்கள்.

• நோட்டைப் பார்த்து, மறுநாள் சரியாமல் செய்ய முடிந்த வேலையின் அளவைக் கண்டுபிடியுங்கள். நல்ல நாளை வைத்து அளக்காதீர்கள், மோசமான நாளை வைத்து அளந்து, அதற்கும் சற்றுக் குறைவாக நிறுத்துங்கள்.

• களைத்த பிறகு ஓய்வெடுக்காதீர்கள், களைக்கும் முன் எடுங்கள். பத்து நிமிட வேலைக்குப் பின் பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள். கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஓய்வில் சேராது.

• உட்கார்ந்து செய்ய முடிந்ததை நின்று செய்யாதீர்கள். காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது, குளிப்பது எல்லாமே நாற்காலியில் முடியும்.

• நாடித்துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் இருந்தால், ஓய்வு நேரத் துடிப்புக்கு மேல் 15-ஐத் தாண்டாமல் வேலை செய்யச் சொல்லும் நிபுணர்கள் உண்டு. ஓய்வில் 75 என்றால் 90-ஐத் தொட்டதும் உட்கார்ந்துவிட வேண்டும்.

• மூட்டு இறுகாமலிருக்கப் படுத்தபடியே கணுக்கால், முழங்கால், தோள், மணிக்கட்டை மெதுவாக அசைத்தால் போதும். அதற்கே மறுநாள் உடம்பு சரிந்தால் அதையும் குறையுங்கள்.

• பல வாரம் சரிவே இல்லாமல் கழிந்தால்தான் கூட்டலாம். அதுவும் ஒரு வேலையை மட்டும், சிறிதளவு. நன்றாக இருக்கும் ஒரு நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் சேர்த்துச் செய்துவிடும் ஆசைதான் மிகப் பெரிய ஆபத்து.

பாதை இரண்டு: மறுநாள் சரிவு இல்லாதவர்களுக்கு

கோவிட்டிலிருந்து தேறுவோருக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு ஐந்து படிகளைச் சொல்கிறது. அதே ஏணியை நம் தோட்ட வாழ்க்கைக்குப் பொருத்தித் தருகிறேன். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஏழு நாள் இருக்க வேண்டும். சிரமத்தை 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பிடுங்கள்: சும்மா உட்கார்ந்திருப்பது 0, இதற்கு மேல் முடியாது என்பது 10.

முதல் படி (சிரமம் 0–1). மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு இருமுறை. கணுக்காலை மேலும் கீழும் 20 முறை அசையுங்கள். கை கால்களை நீட்டி மடக்குங்கள். வீட்டுக்குள்ளும் அஞ்சடியிலும் மெல்ல நடங்கள்.

இரண்டாம் படி (2–3). சமதளமான தோட்டச் சாலையில் பத்து நிமிடம் நடங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டிரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம். நம் ஊரில் ஏழு மணி சுமாருக்குத்தான் விடிகிறது. ஏழிலிருந்து எட்டரைக்குள் நடந்து முடித்தால் வெயிலுக்குத் தப்பலாம். ஏடிஸ் கடிக்கும் நேரமும் அதுவே என்பதால் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். வீட்டு வேலையில் இலேசானவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி (4–5). இங்கேதான் வலுப்பயிற்சி சேர்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 8 முறை. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது 10 முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 8 முறை. தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் போத்தலைத் தோளுக்கு மேல் தூக்குவது 8 முறை. ஒரு சுற்றில் தொடங்கி வாரத்துக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்றுவரை போகலாம். இடைப்பட்ட நாளில் வேக நடை: ஐந்து நிமிடம் வேகம், மூச்சு தணியும்வரை மெதுநடை, மறுபடி ஐந்து நிமிடம் வேகம்.

நான்காம் படி (5–7). இனிப் பயிற்சி உங்கள் வேலையைப் போலவே இருக்கட்டும். பால் வெட்டுபவர் வாளியில் கால் பங்குத் தண்ணீரோடு மேடுபள்ளத்தில் நடந்து, பிறகு அரை வாளிக்குப் போகலாம். குனிந்து நிமிரும் அசைவை 15 முறை செய்யலாம். குலை அறுப்பவர் அரிவாள் இல்லாத வெறும் கம்பைத் தலைக்கு மேல் பிடித்து இழுக்கும் அசைவைச் செய்யலாம். ஒற்றைச் சக்கர வண்டியைக் குறைந்த பாரத்தோடு தள்ளலாம். உதிரி பொறுக்குபவர் குந்தி எழுவதைப் பழகலாம். சைக்கிளும் ஓட்டலாம்.

ஐந்தாம் படி (8–10). முழு உழைப்பும் பழைய விளையாட்டும் இங்கேதான். 764 மீட்டர் குனோங் தம்பின் ஏறும் வழக்கமுள்ளவர்கள் இந்தப் படியிலும் முதலில் கால் பங்கு தூரம் ஏறி இறங்கிப் பார்த்து, அடுத்த இரண்டு நாள் நிலையைக் கவனித்த பிறகே மேலே போக வேண்டும்.

எல்லாப் படிக்கும் விதி ஒன்றே. மறுநாள் காலை நேற்றைய காலையைவிட மோசமில்லை என்றால் அதே படியில் தொடருங்கள். ஏழு நாளும் அப்படி இருந்தால் ஏறுங்கள். மோசம் என்றால் தேறும்வரை ஓய்வெடுத்து ஒரு படி இறங்குங்கள். இரண்டாம் முறையும் அப்படி நேர்ந்தால் ஏணியை விட்டுவிட்டுப் பாதை ஒன்றுக்கு மாறி, டாக்டரைப் பாருங்கள். மறுபடி காய்ச்சலோ சளியோ வந்தால் முழுவதும் குணமாகும்வரை பயிற்சி வேண்டாம்.

சிக்குன்குனியா வந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகள் மாதக்கணக்கில் இறுகி வலிக்கலாம். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டுங்கள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் பாரம் ஏற்றாதீர்கள்; அழுத்தி உருவிவிடவும் வேண்டாம்.

வேலைக்குத் திரும்புதல்

வீட்டில் மூன்றாம் படியைச் சிரமமில்லாமல் கடந்தவர் குறைந்த வேலையை யோசிக்கலாம். டாக்டரிடம் எம்.சி. மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரம், எத்தனை வாரத்துக்கு இலேசான வேலை என்று எழுதிய கடிதமும் கேளுங்கள். அதைக் கிராணியிடமும் மண்டோரிடமும் கொடுத்து, அரை நிரை, ஒருநாள் விட்டு ஒருநாள், ஸ்டோர் அல்லது நாற்றங்கால் வேலை என்று பேசலாம். 400, 500 மரம் வெட்டியவர் முதல் வாரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

உங்களுக்குச் சட்டப்படி உள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கவேண்டி வந்தால் 60 நாள்வரை விடுப்பு. 2023 ஜனவரி 1 முதல் அது தனிக் கணக்கு, மேற்சொன்ன நாள்களிலிருந்து கழிக்கப்படாது. பேச்சுவார்த்தையில் துணை வேண்டுமென்றால் 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் சங்கத்தை நாடலாம்.

மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாதவர்கள் சந்தா கட்டியிருந்தால் பெர்கேசோவை அணுகுங்கள். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தை அது 2007-இல் தொடங்கியது. அதன் மறுவாழ்வு மையம் 2014 முதல் மலாக்காவில் இயங்குகிறது. தம்பினிலிருந்து அதிக தூரமில்லை. தகுதி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிசியோதெரபிக்கு, அரசாங்க கிளினிக் டாக்டரிடம் தம்பின் மருத்துவமனைக்கோ சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ கடிதம் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டை மறக்காதீர்கள். "உடம்பு முடியல டாக்டர்" என்று சொல்வதைவிட, எந்த வேலைக்குப் பின் எத்தனை மணி நேரத்தில் என்ன ஆனது என்று எழுதியிருப்பது டாக்டருக்கு உதவும்.

வீட்டாருக்கு

நோயாளியை உசுப்பாதீர்கள்; முற்றாக முடக்கியும் வைக்காதீர்கள். அம்மாவுக்கு அசதி என்றால் துணி அலசுவதையும் தண்ணீர் தூக்குவதையும் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அசதியோடு தூக்கமின்மை, அழுகை, வாழ்வதில் வெறுப்பு தெரிந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு, காத்திருக்காமல் கூட்டிப்போங்கள். வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். பால் வெட்டாத மரங்களில் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். தேறிவருபவர் மீண்டும் ஒரு கொசுக் காய்ச்சலில் விழாமல் காப்பதும் மருத்துவமே.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நோட்டை எடுத்து இன்றைய தேதியைப் போட்டு, இன்று செய்த வேலைகளை எழுதுங்கள். நாளைக் காலை எழுந்ததும் அதன் கீழே உடல்நிலையை எழுதுங்கள். ஏழு நாள் நிறைந்ததும் இந்த அத்தியாயத்தைத் திருப்பி, எந்தப் பாதை உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள். அதற்கு முன் எந்தப் பயிற்சியையும் கூட்ட வேண்டாம்.